பினாங்குச் சாலைகளில் இதயத் துடிப்பு மண்டலங்களை வைத்துச் சைக்கிள் பயிற்சி செய்யும் முறை

பினாங்குத் தீவில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைக்கிளில் புறப்படுகிறவர்களில் பலருடைய கைப்பிடியில் இப்போது ஒரு சிறு கணினி பொருத்தப்பட்டிருக்கிறது. வேகம், தூரம் ஆகியவற்றோடு இதயத் துடிப்பும் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து ஓட்டத்தை மாற்றிக்கொள்கிறவர்கள் குறைவு. வீடு திரும்பிக் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, மேட்டில் 178 வரை போயிற்று என்று பார்த்து மகிழ்வதோடு அதன் பயன் முடிந்துவிடுகிறது. இதயத் துடிப்பின் அளவை, மிக எளிதிலிருந்து மிகக் கடுமை வரை ஐந்து படிகளாகப் பிரித்தவையே துடிப்பு மண்டலங்கள். அவை நம்மை விரட்டுவதற்காக ஏற்பட்டவை என்ற எண்ணமே இதற்குக் காரணம். எளிதாக ஓட்ட வேண்டிய நாளில் நம்மைப் பிடித்து நிறுத்தி வைப்பதில்தான் அவை பெரிதும் உதவுகின்றன. வெயிலும் மேடும் ஈரக்காற்றும் சேர்ந்த இந்தத் தீவில் அந்த உதவி இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

தொடங்குவதற்கு முன்

நாற்பது வயதைக் கடந்தவர்கள், பல ஆண்டுகள் உடற்பயிற்சி இல்லாமல் இருந்தவர்கள், குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு கண்டவர்கள், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் ஆகியோர், கீழே சொல்லப்படும் அரைமணி நேரச் சோதனைக்கு முன்பு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையே மற்ற இனத்தாரைவிடக் கூடுதலாகவே காணப்பட்டு வருவதால், நம்மவர்கள் இதைச் சம்பிரதாயமான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின் நடுவிலோ முடிந்த சில மணி நேரத்திலோ சர்க்கரை மளமளவென்று இறங்கக்கூடும் என்பதால், சட்டைப்பையில் இனிப்பு எப்போதும் இருக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களின் துடிப்பு, எவ்வளவு முயன்றாலும் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அவர்கள் வயதை வைத்துப் போடும் எந்தக் கணக்கையும் நம்பாமல், பின்னால் வரும் மூச்சுச் சோதனையையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

உங்களுடைய எண்ணைக் கண்டுபிடித்தல்

கடையில் வாங்கிய புதுக் கருவியில் பிறந்த தேதியைப் பதிந்தவுடன் பெரும்பாலும் அதுவே ஐந்து மண்டலங்களை வகுத்துக் கொடுத்துவிடும். அது பெரும்பாலும் 220-லிருந்து வயதைக் கழித்து, கிடைத்ததை உச்சத் துடிப்பாக வைத்துக்கொண்டு போடும் கணக்கு. 1970களின் தொடக்கத்தில், பிறர் செய்த ஆய்வுகளின் எண்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துத் தோராயமாக வரைந்த ஒரு கோட்டிலிருந்து வந்தது அந்தச் சூத்திரம். ஒரு தனி மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்ற உத்தரவாதம் அதற்கு இல்லை. 2001-இல் தனாகா என்னும் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட திருத்தம், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கச் சொல்கிறது. நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 175, இரண்டாவதில் 176.5 வருகிறது. இரண்டும் நெருங்கி இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எந்தச் சூத்திரமானாலும் அது சொல்வது ஒரு வயதினரின் சராசரியைத்தான்; அந்தச் சராசரியிலிருந்து பத்து துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது முற்றிலும் இயல்பானது. அதே வயதில் ஒருவரின் உண்மையான உச்சம் 165 ஆகவும் இன்னொருவருடையது 188 ஆகவும் இருக்கலாம். அந்த இருவரும் ஒரே மண்டலக் கணக்கில் ஓட்டினால், முதலாமவர் எளிய நாள் என்று நினைத்துத் தம்மை வதைத்துக்கொண்டிருப்பார். இரண்டாமவர் கடும்பயிற்சி என்று நினைத்து உலா வந்துகொண்டிருப்பார்.

ஓட்டப்பயிற்சியில் கண்ட உச்சத்தை அப்படியே சைக்கிளுக்குக் கொண்டுவருவதும் சரியாகாது. சைக்கிளில் உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது, வேலை செய்யும் தசைகளும் குறைவு. ஆதலால் பெரும்பாலோருக்குச் சைக்கிளில் எட்டும் உச்சம் ஓட்டத்தைவிடச் சில துடிப்புகள் குறைவாகவே இருக்கும்.

உச்சத்தைத் தேடி அலைவதைவிட, வரம்புத் துடிப்பைக் கண்டுபிடிப்பது பாதுகாப்பானது, பயனும் மிகுந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய மிகக் கடுமையான வேகத்தில் இதயம் துடிக்கும் அளவே வரம்புத் துடிப்பு. அதற்கு மேலே போனால் கடும் உழைப்பில் தசைகள் உண்டாக்கும் லாக்டேட் என்னும் பொருள் இரத்தத்தில் தேங்கத் தொடங்கி, சில நிமிடங்களில் கால்கள் கனத்துவிடும். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் பரப்பிய முறை இதற்கு எளிது: நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, தனியாக, முப்பது நிமிடம் உங்களால் சீராகத் தாங்க முடிந்த மிகுந்த வேகத்தில் ஓட்ட வேண்டும், பத்தாவது நிமிடம் முடிந்ததும் அதன் பிறகான பகுதியைத் தனியே கணக்கிடக் கருவியில் சுற்றுப் பொத்தானை அழுத்த வேண்டும், கடைசி இருபது நிமிடங்களின் சராசரித் துடிப்பே உங்கள் வரம்புத் துடிப்பு. முதல் ஐந்து நிமிடம் ஆவேசமாகப் போய்ப் பின்பாதியில் தளர்ந்துபோனால் அந்தச் சோதனை செல்லாது. இரண்டு மூன்று நாள் இளைப்பாறி மறுபடி செய்ய வேண்டியதுதான்.

இத்தகைய சோதனைக்கு நிறுத்தமில்லாத அரைமணிச் சாலை வேண்டும். ஜார்ஜ்டவுனில் அது கிடைக்காது. சமிக்ஞை விளக்குகளும் பேருந்து நிறுத்தங்களும் விடமாட்டா. பாலிக் பூலாவ் சமவெளியில், சுங்கை பூரோங், பூலாவ் பெத்தோங் பக்கத்து வயல்களை ஒட்டிய சாலைகள் அதிகாலையில் ஏற்றவை. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால், எல்லாத் திருப்பங்களும் இடப்பக்கமாகவே அமையும் சுற்று ஒன்றை முந்தைய நாளே பார்த்து வைத்துக்கொண்டால், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டிய அவசியமே இராது. வீட்டில், சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் டிரெய்னர் உள்ளவர்கள் அதிலும் செய்யலாம். ஆனால் மின்விசிறியை முழு வேகத்தில் முகத்துக்கு நேரே வைக்காவிட்டால், வெப்பத்தாலேயே துடிப்பு ஏறி, வரும் எண் பொய்யாகிவிடும்.

வரம்புத் துடிப்பு 160 என்று கிடைத்த ஒருவரை வைத்துக்கொள்வோம். ஃப்ரீல் வகுத்த விழுக்காடுகளின்படி, வரம்பில் 81 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது முதல் மண்டலம். இவருக்கு அது 129 வரை. 130 முதல் 143 வரை இரண்டாம் மண்டலம், 144 முதல் 149 வரை மூன்றாம் மண்டலம், 150 முதல் 159 வரை நான்காம் மண்டலம், 160-உம் அதற்கு மேலும் ஐந்தாம் மண்டலம். இந்த ஐந்தில் இரண்டாவதும் நான்காவதுமே நமக்கு முக்கியம். முதலாவது இளைப்பாறும் நாளுக்கு உரியது; ஐந்தாவதில் துடிப்புக் கருவியால் அதிகப் பயன் இல்லை; மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துப் பேசலாம்.

அரைமணிச் சோதனை செய்ய இயலாதவர்களுக்கு, பின்லாந்து ஆய்வாளர் கார்வோனனின் பெயரால் வழங்கும் கணக்கு இருக்கிறது. காலையில் படுக்கையில் இருந்தபடியே எண்ணிய ஓய்வுத் துடிப்பை உச்சத் துடிப்பிலிருந்து கழித்து, மீதியில் வேண்டிய விழுக்காட்டை எடுத்து, ஓய்வுத் துடிப்போடு கூட்ட வேண்டும். உச்சம் 178, ஓய்வு 58 என்றால் மீதி 120. அதில் 60 முதல் 70 விழுக்காடு என்பது 72 முதல் 84. அதோடு 58-ஐக் கூட்டினால் 130 முதல் 142 வரை. இரண்டாம் மண்டலத்துக்கு இது போதும். ஆனால் உச்சத் துடிப்பு ஊகமாக இருந்தால் இந்தக் கணக்கும் ஊகமே.

எந்த வழியில் எண் கிடைத்திருந்தாலும் அதை மூச்சோடு ஒத்துப்பார்க்க வேண்டும். இதற்கு ஓர் எளிய வழி, ஓட்டிக்கொண்டே சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு மாதங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. இரண்டாம் மண்டலத்தில் இயல்பான குரலில், இடையில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு, பங்குனிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் மூன்றாம் மண்டலத்துக்குள் வந்துவிட்டீர்கள். ஆனிக்கு மேல் சொல்லவே மனமில்லை என்றால் அது நான்காவது. கருவி 135 என்று காட்டும்போது வைகாசியிலேயே மூச்சு வாங்கினால், மூச்சை நம்பி மண்டலங்களைத் திருத்த வேண்டும்.

மார்புப்பட்டையும் கைக்கடிகாரமும்

கைக்கடிகாரம் தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி இரத்த ஓட்டத்தைக் கொண்டு துடிப்பை ஊகிக்கிறது. மார்புப்பட்டை இதயத்தின் மின்துடிப்பையே வாங்குகிறது. கைப்பிடியை இறுகப் பிடித்து மணிக்கட்டு மடங்கியிருக்கும் நிலையில், சாலையின் அதிர்வும் சேர்ந்துகொள்ளும்போது, கடிகாரம் தடுமாறும். திடீரென்று வேகம் கூட்டினால் பின்தங்கியும் காட்டும். ஆகவே பயிற்சிக்கு மார்புப்பட்டையே நல்லது. பட்டை ஒவ்வாதவர்கள் முழங்கைக்கு மேலே கட்டும் ஒளி உணரியை வாங்கலாம்.

புறப்பட்ட முதல் பத்து நிமிடத்தில், சமதரையில், பட்டை 200 என்று காட்டி நம்மைத் திடுக்கிட வைப்பதுண்டு. உலர்ந்த பட்டை தோலோடு சரியாகத் தொடர்பு கொள்ளாததாலும், தொளதொளத்த செயற்கை இழைச் சட்டை காற்றில் படபடத்து நிலைமின்சாரத்தை உண்டாக்குவதாலும் வரும் கோளாறு அது. வியர்க்கத் தொடங்கியதும் சரியாகிவிடும். பட்டையின் உட்புறத்தில் உள்ள இரண்டு ரப்பர்ப் பகுதிகளையும் கட்டுவதற்கு முன் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் மிச்சம். இங்குள்ள வியர்வைக்கு, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பட்டையை அலசாவிட்டால் உப்பேறிச் சில மாதங்களில் கெட்டுவிடும். உணரியைப் பட்டையிலிருந்து கழற்றி வைத்தால் மின்கலமும் நீடிக்கும். ஆனால் உடம்பு அமைதியாக இருக்கும்போது துடிப்பு தாறுமாறாகப் பாய்வதையோ, ஓட்டத்தின் நடுவில் மார்பு படபடப்போடு தலைசுற்றல் வருவதையோ கருவிக் கோளாறு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வெயில் ஏற்றும் துடிப்பு

குளிர்நாட்டுப் பயிற்சிக் குறிப்புகளை அப்படியே எடுத்து இங்கே பின்பற்றுகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். காலை ஏழரை மணிக்குக் கர்னி டிரைவில் 134 துடிப்பில் சுகமாகப் போய்க்கொண்டிருந்தவர், அதே வேகத்தில், அதே மூச்சில், பத்து மணிக்குத் தெலுக் கும்பாரில் 148-ஐப் பார்க்கிறார். கால் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. உடல் தன்னைக் குளிர்விக்க இரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது. வியர்வையில் நீர் போகப்போக இரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்குகிறது. இதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவும் குறைகிறது. அந்தக் குறையை இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டுகிறது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஆதலால் பினாங்கில் நீண்ட ஓட்டத்தில் பத்து பதினைந்து துடிப்பு இப்படி ஏறுவது வியப்புக்குரியதன்று.

அப்போது எண்ணுக்குக் கீழ்ப்படிவதா, காலுக்குக் கீழ்ப்படிவதா என்று பயிற்சியாளர்களிடையேயே ஒத்த கருத்து இல்லை. என் கணிப்பில், முதல் ஒரு மணி நேரத்துக்கு எண்ணை அப்படியே மதிக்க வேண்டும். அதற்குப் பிறகு மூச்சு அமைதியாக இருக்கும் வரை ஐந்தாறு துடிப்பு ஏற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அதையும் தாண்டினால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், கால் எவ்வளவு சுகமாக இருந்தாலும் சரி. தசைக்கு வேலை கூடாவிட்டாலும் இதயத்துக்கும் உடலின் வெப்பத் தாங்குதிறனுக்கும் அது உண்மையான சுமைதான். மறுநாள் களைப்பாகத் தெரிவதும் அதுவே.

ஏற்றத்தைக் குறைக்கச் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, நேரம். இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் உதிக்கிறது என்பதால், ஆறரைக்குப் புறப்படுகிறவருக்கு முன்னும் பின்னும் நல்ல விளக்கு கட்டாயம். ஆனால் அந்த முதல் இரண்டு மணி நேரம்தான் நாளின் பொன்னான பகுதி. இரண்டாவது, தண்ணீர். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை பெரும்பாலோருக்குத் தேவைப்படும், நல்ல வெயிலில் இன்னும் கூடலாம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் என்று கணக்கிட்டு உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளலாம். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து என்பதால் உப்புச் சேர்ந்த பானம் ஒரு குப்பியிலாவது இருக்க வேண்டும். பாலிக் பூலாவில் நிறுத்தி இளநீர் குடிப்பது இனிமையான வழக்கம். ஆனால் இளநீரில் மிகுதியாக இருப்பது பொட்டாசியம், வியர்வையில் நாம் மிகுதியாக இழப்பது சோடியம். அதனால் இளநீரோடு உப்புள்ள ஏதாவது ஒன்றையும் சாப்பிடுவது நல்லது.

வெயிலில் ஓட்டும்போது உடல் சிலிர்த்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது. நிழலுக்குப் போய் உடம்பை நனைத்து உதவி தேட வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டிய நாட்களில் கடும்பயிற்சியை வெளியே செய்யக் கூடாது. குளிர்நாட்டில் சில வாரங்கள் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு, உடல் மீண்டும் வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரமாகும். அதுவரை எல்லாம் இரண்டாம் மண்டலத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

மேட்டில் மண்டலத்தைக் காப்பது

தீவைச் சுற்றும் பாதை ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். ஜார்ஜ்டவுனிலிருந்து தஞ்சோங் புங்கா, பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை கடலோரமாக ஏறி இறங்கும் சாலை; பிறகு அணைக்கட்டைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறும் மேடு; தித்தி கெராவாங் பக்கம் இறங்கினால் பாலிக் பூலாவ். அங்கிருந்து ஜாலான் துன் சார்டோன் வழியாக மற்றொரு மலையை ஏறிப் பாயா தெருபோங் பக்கம் இறங்கலாம், அல்லது தெலுக் கும்பார் வழியாகப் பாயான் லெப்பாசுக்குச் சுற்றி வரலாம். இந்தப் பாதையில் இரண்டாம் மண்டலத்தைக் காப்பாற்றுவது மன உறுதியைவிடப் பல்சக்கரத்தைப் பொறுத்தது. பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுப்பான கேசட்டில் பெரியதே 25 பல்லாக இருக்க, தெலுக் பஹாங் மேட்டை ஏறுகிறவர், விரும்பினாலும் 143-க்குள் நிற்க முடியாது. வண்டி சாயாமல் இருக்கவே அவர் 160-ஐ எட்ட வேண்டியிருக்கும். முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல் இருந்தால், நிமிடத்துக்கு எழுபது சுற்றுக்குக் குறையாமல் பெடலைச் சுழற்றிக்கொண்டு பொறுமையாக ஏறலாம். புது மின்னணுக் கருவி வாங்க வைத்திருக்கும் காசில் முதலில் கேசட்டை மாற்றுங்கள் என்று சொன்னால் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இப்போது மூன்றாம் மண்டலத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமைக் குழு ஓட்டங்கள் பெரும்பாலும் இதில்தான் நடக்கின்றன. பேச முடியும், ஆனால் சிரமப்பட்டு. வேகமாகப் போகிறோம் என்ற நிறைவும் உண்டு, வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு வலியும் இல்லை. உப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல் கிடக்கும் பண்டம்போல, அது அடித்தளத் திறனை வளர்க்கத் தேவையான நீண்ட நேரத்தையும் தராது, வரம்பை உயர்த்தத் தேவையான கடுமையையும் தராது. களைப்பை மட்டும் முழுதாகத் தரும். பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாரம் முழுவதும் அதிலேயே கிடப்பதுதான், ஆண்டுக்கணக்கில் ஓட்டியும் வேகம் கூடாதவர்களிடம் பொதுவாகக் காணும் நிலை. நெடுந்தொலைவு விளையாட்டு வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர், உயர்நிலை வீரர்கள் தம் பயிற்சி அமர்வுகளில் சுமார் 80 விழுக்காட்டை எளிய அளவிலேயே செய்வதைக் கண்டு எழுதினார். அவர்களே அப்படியென்றால், எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் பயிற்சி செய்யும் நமக்கு அது இன்னும் பொருந்தும்.

குழுவில் மண்டலத்தைக் காப்பது கடினம் என்பதும் உண்மை. முன்னால் காற்றைக் கிழித்துப் போகிறவரின் துடிப்பு, பின்னால் ஒட்டிவருகிறவருடையதைவிடக் கணிசமாக ஏறியிருக்கும். ஆகவே எளிய நாளில் முன்னிலை ஏற்காமல் பின்வரிசையில் இருந்துவிடலாம். மேடு தொடங்கும் இடத்தில், “அண்ணே, நீங்க போங்க, நான் பாலிக் பூலாவ்ல வந்து சேர்ந்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. ரொட்டி சானாய் அவர்களுக்கு ஆறுவதற்குள் நாமும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

வாரத்தை அமைத்தல்

வாரத்துக்கு ஆறு மணி நேரம் கிடைக்கும் ஒருவர் செவ்வாய் காலையில் ஒன்றேகால் மணி நேரம் இரண்டாம் மண்டலத்திலும், வியாழனன்று ஒரே ஒரு கடும்பயிற்சியும், சனியன்று முக்கால் மணி நேரம் உடம்பைத் தளர்த்தும் ஓட்டமும், ஞாயிறன்று மூன்று மணி நேர நீண்ட ஓட்டமும் வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் மெல்ல நேரத்தைக் கூட்டி, நான்காவது வாரம் குறைத்துக்கொள்வது நலம்.

வியாழன் பயிற்சியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் துடிப்பைத் தவறாகப் படிக்க அங்கேதான் வாய்ப்பு மிகுதி. இருபது நிமிடம் உடம்பைச் சூடாக்கியபின், நான்காம் மண்டலத்தில் எட்டு நிமிடம், பிறகு நான்கு நிமிடம் மிக எளிதாக. இப்படி மூன்று முறை. நம் எடுத்துக்காட்டுக்காரர் 150 முதல் 159-க்குள் இருக்க வேண்டும். மேட்டடியில் அழுத்தத் தொடங்கும்போது கருவி 122 காட்டுகிறது. முப்பது வினாடி கழித்து 134. ஒரு நிமிடத்தில் 143. கால் ஏற்கெனவே சரியான அளவில்தான் உழைத்துக்கொண்டிருக்கிறது. இதயம் பின்னால் வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. இதை அறியாதவர் எண்ணை 155-க்குக் கொண்டுவர இன்னும் அழுத்துவார். மூன்றாம் நிமிடத்தில் 166-ஐத் தொட்டு, ஐந்தாம் நிமிடத்தில் கால் செத்து, மீதியை ஊர்ந்து முடிப்பார். சரியான முறை, முதல் மூன்று நிமிடம் கருவியைப் பார்க்காமல் மூச்சை வைத்து ஓட்டுவது; ஆனி மாதத்துக்கு மேல் சொல்ல முடியாத, ஆனால் மூச்சுத் திணறாத நிலையே அளவு. நான்காம் நிமிடத்தில் கருவியைப் பார்த்தால் 151, 152 என்று இருக்கும். முடியும்போது 157-க்கு வந்திருக்கும். முதல் சுற்றைவிட மூன்றாவது சுற்றில் எண் இரண்டு மூன்று கூடுதலாக இருப்பதும் இயல்பே.

அரை நிமிட, ஒரு நிமிட வேகப்பாய்ச்சல்களுக்குத் துடிப்பு மண்டலம் உதவாததற்கும் இந்தப் பின்தங்கலே காரணம். 2017-இல் கெய்ரின் என்னும் சைக்கிள் விரைவுப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற நம் நாட்டு அசிசுல்ஹஸ்னி அவாங்கின் இறுதிப் பாய்ச்சல் வினாடிக் கணக்கில் முடிந்துவிடுவது; அத்தகைய உழைப்பை அளக்க வேகமோ, மிதிக்கும் ஆற்றலை அளக்கும் கருவியோதான் வேண்டும். துடிப்புக் கருவி அதைச் சொல்லும்போது பந்தயம் முடிந்திருக்கும்.

காலை எழுந்தவுடன் எண்ணும் ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால், வியாழனன்று எழுதி வைத்திருக்கும் கடும்பயிற்சியை அடித்துவிட்டு எளிதாக ஓட்டலாம்; தூக்கக் குறைவோ நீர்க்குறைவோ வரப்போகும் காய்ச்சலோ அதற்குக் காரணமாக இருக்கும். காய்ச்சல் உள்ளபோது எந்த மண்டலத்திலும் ஓட்டக் கூடாது. வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையையும் தாக்கக்கூடியது. டெங்கியிலிருந்து தேறியவர்கள் மருத்துவர் சொன்ன பிறகே, முதல் மண்டலத்திலிருந்து மெல்லத் தொடங்க வேண்டும். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து ஒருவேளை மட்டும் உண்கிறவர்கள் அந்த வாரங்களில் நான்காம் மண்டலத்தை விட்டுவிடுவது நல்லது. தசையில் மாவுச்சத்து இருப்பு குறைந்த நிலையில் துடிப்பு ஏறினாலும் கால் ஏறாது. தண்ணீர்மலை முருகன் கோயிலின் படிகளே அந்த மாதத்துக்குப் போதுமான கடும்பயிற்சி.

முன்னேற்றத்தை அறிதல்

துடிப்பு மண்டலப் பயிற்சியின் பலன் மெதுவாகவே தெரியும். முதல் ஆறேழு வாரம் பொறுமையைச் சோதிக்கும். அதே சமதரைச் சுற்றில், அதே காலை நேரத்தில், அதே 135 சராசரித் துடிப்பில் வேகம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று மாதம் ஒருமுறை பார்ப்பது எளிய அளவு. கடற்காற்று பலமாக உள்ள நாளில் இதைச் செய்யக் கூடாது. இன்னொன்று, இரண்டு மணி நேர இரண்டாம் மண்டல ஓட்டத்தை இரு பாதியாகப் பிரித்துப் பார்ப்பது. முதல் பாதியில் மணிக்கு 27 கிலோமீட்டர் வேகம், 134 துடிப்பு. இரண்டாம் பாதியில் அதே 27, ஆனால் 139 துடிப்பு என்றால், வேகத்தைத் துடிப்பால் வகுத்துக் கிடைக்கும் எண் 3.6 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஐந்து விழுக்காட்டுக்குள் இருப்பதை நல்ல அடித்தளத்தின் அடையாளமாகப் பயிற்சியாளர்கள் கொள்கிறார்கள். வெயில் ஏறிய பிறகு ஓட்டிய ஓட்டத்தில் அதைத் தாண்டினால் உடனே மனம் தளர வேண்டாம். விடியலில் ஓட்டிய இன்னொரு நாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

அரைமணிச் சோதனையை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம். பல மாதங்கள் உழைத்தும் வரம்புத் துடிப்பு 160-லிருந்து 162-க்குத்தான் வந்திருக்கிறது என்று சிலர் குறைப்படுவார்கள். பழகிய ஓட்டுநருக்கு அந்த எண் பெரிதாக மாறாது. அதே 160 துடிப்பில் அந்த அரைமணியில் எவ்வளவு தூரம் போனீர்கள் என்பதையே ஒப்பிட வேண்டும். புது எண் கிடைத்ததும் அதைக் கைப்பிடிக் கணினியிலும் கைப்பேசிச் செயலியிலும் தனித்தனியாகப் பதிய மறந்துவிடாதீர்கள். இரண்டும் தத்தம் மண்டலங்களைத் தனியே வைத்திருக்கக்கூடியவை என்பதால், ஒன்றில் மட்டும் மாற்றினால் சாலையில் இரண்டாம் மண்டலமாகத் தெரிந்த ஓட்டம் வீட்டுக்கு வந்தபின் மூன்றாம் மண்டலமாகக் காட்டும்.